அறையில் இருவர்

சுகந்தி அறையில் தனியாகத்தான் இருந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருந்தது, ஜன்னல் சாத்தியிருந்தது, கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்த பாயைத் தவிர ஒன்றும் கிடையாது. கணினி மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 'அறையில் இருவர் இருக்கிறார்கள்' என்று திரையின் மேல் ஒரு சிவப்புப் பட்டையை ஓடவிட்டு, வைஃபை இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்ட புது மாப்பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு வாரமாகவே இந்தக் கூத்துதான். நன்றாகத்தான் இருக்கும், அவள் வேலையில் மூழ்கி இரண்டு பக்கம் முடித்திருப்பாள், சட்டென்று சிவப்புப் பட்டை வந்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகும். மறுபடி உட்கார்ந்து மும்முரமாகும் நேரம் பார்த்து மறுபடி போகும். அவள் வேலை செய்வதே அதற்குப் பிடிக்கவில்லை போலிருந்தது.

அவளுடைய வேலை அப்படிப்பட்டது. குடும்ப நீதிமன்றங்களில் ஆட்கள் சொல்வதை இப்போது இயந்திரம்தான் கேட்டு எழுதுகிறது. ஆனால் இயந்திரத்துக்கு விம்மலும் இருமலும் ஒன்றுதான். ஒரு பெண் பாதியில் நிறுத்திய வாக்கியத்தைத் தானே அழகாக முடித்துவைத்துவிடும். அதனால் ஒரு மனுஷி உட்கார்ந்து ஒலியைக் கேட்டு எழுத்தைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் வடவள்ளியில் மூன்றாம் மாடி வீட்டில் உட்கார்ந்து சுகந்தி ஒரு நிறுவனத்துக்காகப் பல வருஷமாக அதைச் செய்துவந்தாள். அவளுக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. திருத்திய வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படிப்பாள். காதில் விழுந்தால்தான் அது அந்த ஆளின் பேச்சா, இயந்திரம் ஒட்டவைத்த பேச்சா என்பது அவளுக்குப் பிடிபடும்.

அடுத்தவர் வீட்டு அந்தரங்கம் என்பதால், வேலை நேரத்தில் அறையில் ஒரே ஆள்தான் இருக்கலாம். முதலில் இதற்குக் கேமரா வைத்துப் பார்த்தார்கள். படுக்கையறையில் கேமராவா என்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து சண்டை போட்டதில் அது ஒழிந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இந்தக் கணினி. யாரையும் பார்க்காது, எதையும் கேட்காது. அறையில் எத்தனை மூச்சு ஓடுகிறது என்று எண்ணும், அவ்வளவுதான். ஒன்றுக்கு மேலே போனால் கதவைச் சாத்திவிடும்.

இந்த முறை சிவப்புப் பட்டையோடு ஒரு நோட்டீசும் வந்திருந்தது. இரண்டாவது நபர் யார் என்று இன்று மாலைக்குள் விளக்க வேண்டும். இல்லாவிட்டால், 'சாட்சியத்தைப் பிறர் கேட்க அனுமதித்தவர்' என்று பதிந்து அவள் பணிப் பதிவு எண்ணை ரத்து செய்வார்கள். அதற்குப் பிறகு எந்த ஊர் நீதிமன்ற வேலையையும் தொட முடியாது. வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். யாரோ பெற்ற பெண்கள் அழுது சொன்னதை ஊருக்கு ஒலிபரப்பியவள் என்ற பெயரைத் தாங்க அவளால் ஆகாது.

அவள் புருஷன் சென்னியப்பன் லேத் பட்டறைக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்து, ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தாயா என்று கேட்டான். உலகத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் அது. அவள் அதைச் செய்து, ரூட்டரைப் பிடுங்கிச் சொருகி, கணினியின் முதுகில் இருந்த இரண்டு ஆன்டெனாவையும் கழற்றித் துடைத்து மாட்டி, டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டு, சேனலை மாற்றி, எல்லாம் பார்த்துவிட்டாள். ஒயரைச் சொருகிக்கொள்ளேன் என்றான் அவன். ஒயர் மூச்சை எண்ணாது, அதனால் அதற்கு அனுமதியில்லை என்று ஏற்கனவே பலமுறை சொன்னதை அவள் இன்னொரு முறை சொன்னாள். அவன் போய்விட்டான்.

நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியது நஸ்ரின் என்ற பெண். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. முதலில் விதிப்படி ஒரு கேள்வி கேட்டாள்: உங்கள் அறையில் படிக்கப்பட்டது வேறு யார் காதிலாவது விழுந்ததா? ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லுங்கள். சுகந்தி கொஞ்சம் சூடாகவே இல்லை என்றாள். நஸ்ரின் அதைப் பதிந்துகொண்டு, பிறகுதான் மனுஷி மாதிரிப் பேச ஆரம்பித்தாள்.

"வைஃபை அலை ரூம் பூரா போய்ப் பட்டுத் திரும்பும்லா மேடம். உங்க நெஞ்சு ஏறி எறங்குறப்போ அந்த அலையும் லேசா அசையும். அந்த அசைவத்தான் இது எண்ணுது. மொகம் தெரியாது, பேச்சு தெரியாது. வீட்ல பூனை, நாய் ஏதும் இருக்கா?"

"இல்லீங்க. எங்க வீட்டுக்காரருக்குப் பூனைன்னாலே தும்மலுங்க."

உதவிக்கென்று மட்டும் அறுக்காமல் விட்டிருந்த வழியில் நஸ்ரின் அங்கிருந்தே ஒரு படத்தைத் திறந்துவிட்டாள். திரையில் இரண்டு கோடுகள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். மூச்சைக் கொஞ்சம் அடக்கச் சொன்னாள். சுகந்தி அடக்கினாள். பச்சைக் கோடு படுத்துவிட்டது. மஞ்சள் மட்டும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சுகந்தி திரும்பி அறையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

சமீபத்தில் எதையாவது இடம் மாற்றினீர்களா என்று கேட்டாள் நஸ்ரின். அப்போதுதான் சுகந்திக்குப் பீரோ ஞாபகம் வந்தது. வாஸ்து பார்ப்பவர் ஒருவர் பட்டறைக்கு வந்து, பீரோ குபேர மூலையில் இருந்தால்தான் ஆர்டர் குவியும் என்று சென்னியப்பனிடம் ஓதிவிட்டுப் போயிருந்தார். அவனும் பட்டறைப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, வருஷக்கணக்கில் பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோவை எதிர் மூலைக்குத் தள்ளியிருந்தான். ஆர்டர் குவிந்ததாகத் தெரியவில்லை. பீரோ போன மறுநாளிலிருந்துதான் கணினி இரண்டு பேர் என்று சொல்ல ஆரம்பித்திருந்தது.

"அதாம் விஷயம். இரும்பு அலையை மறிச்சுக்கிட்டு நின்னுருக்கு. இப்ப அது செவுத்தத் தாண்டிப் போயி, அந்தப் பக்கம் இருக்க ஆளையும் சேத்து எண்ணிட்டு வருது. அடுத்த வீட்ல யாரு மேடம்?"

"அந்த வீடு பூட்டிக் கெடக்குதுங்க."

ஆனால் நஸ்ரின், இது ஆள் மூச்சுதான், சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிற ஆளின் மூச்சு, அதில் சந்தேகமே இல்லை என்றாள். பிறகு இரண்டு வழி சொன்னாள். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கிறது என்று எழுதினால் நிறுவனத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். குடியிருப்போர் சங்கத்தை வைத்துக்கொண்டு அந்த வீட்டைத் திறந்து, யார் என்று பார்த்து, அவர் காதில் என்ன விழுந்தது என்று விசாரிப்பார்கள். அல்லது பீரோவைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு, இரும்புச் சாமான் இடம் மாறியதால் வந்த கோளாறு என்று எழுதி மூடிவிடலாம். யோசித்துவிட்டு மாலைக்குள் கூப்பிடுங்கள் என்றாள். கோடுகள் ஓடும் படத்தை மட்டும் அணைக்காமல் விட்டாள்.

பக்கத்து வீட்டில் இருந்தது விஷ்ணுவும் அவன் மனைவி இலக்கியாவும். போன வருஷம் குடிவந்த இளம் ஜோடி. இரண்டு மாதத்துக்கு முன்பு இலக்கியாவுக்கு வளைகாப்பு நடந்தது. கீழே கார் நிறுத்துமிடத்தில் பந்தல் போட்டு, குடியிருப்பே வந்து கலவைச் சாதம் சாப்பிட்டது. சுகந்தியும் சந்தனம் பூசி, அந்தப் பெண் கையில் வளையல் போட்டுவிட்டிருந்தாள். அன்று சாயங்காலமே தாராபுரத்திலிருந்து வந்த அவள் அம்மா பிரசவத்துக்குக் காரில் கூட்டிப்போனாள். அதிலிருந்து விஷ்ணு தனி ஆள்தான். காலையில் வெளிக் கம்பிக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுப் போவான், ராத்திரி வருவான். லிஃப்டில் யாராவது விசாரித்தால், இன்னும் நாள் இருக்குதுங்க என்பான்.

அப்படியானால் பூட்டிய வீட்டுக்குள் யார்? சுகந்திக்கு முதலில் திருடன் என்று தோன்றியது. ஆனால் ஒரு வாரமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் திருடன் எந்த ஊரில் இருக்கிறான்? அடுத்து, இலக்கியாவையே உள்ளே வைத்துப் பூட்டுகிறானோ என்று தோன்றியது. வெளியே பூட்டிவிட்டுப் போகும் புருஷன்மார்களைப் பற்றி அவள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ கேட்டிருக்கிறாள். அவர்களில் பாதிப் பேர் வெளியில் விஷ்ணுவைப் போலத்தான், அடக்கமாக, முகம் பார்க்காமல் பேசுவார்கள். போலீஸுக்குப் போட ஃபோனை எடுத்தாள். எடுத்தவள், சொல்வதற்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தால் நல்லது என்று அதை மேசையில் வைத்தாள்.

இணைப்பு போயிருந்தாலும், பாதியில் நின்ற பக்கம் திரையில் அப்படியே இருந்தது. ஒரு வாரமாக அவள் திருத்திக்கொண்டிருந்த வழக்கு. பிரிந்த கணவன், மனைவி இருவரும் ஐந்து வயதுப் பையனைத் தன்னிடம் கொடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவின் சாட்சியத்தை விட்ட இடத்திலிருந்து சுகந்தி சத்தமாகப் படித்தாள். "சாப்பாடு ஊட்டறப்ப அவன் என்னோட இன்னொரு கையைப் புடிச்சுக்குவானுங்க. வுட்டா எந்திரிச்சுப் போயிருவேன்னு பயம்."

மஞ்சள் கோடு தடித்தது. அந்த ஆள் சுவரை இன்னும் நெருங்கியிருந்தது. சுகந்தி படிப்பதை நிறுத்தினாள். சிறிது நேரத்தில் கோடு மெலிந்து விலகியது. மறுபடி படித்தாள். மறுபடி வந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளாகக் கணினியைத் திட்டித் தீர்த்தாளே, அது ஒரு பொய்யும் சொல்லவில்லை. நிஜமாகவே இரண்டாவது ஆள் ஒன்று இருந்தது. அது நிஜமாகவே கேட்டுக்கொண்டும் இருந்தது. அவள் மும்முரமாகப் படிக்கும் நேரம் பார்த்து இணைப்பு அறுந்ததற்கு அதுதான் காரணம். காலையில் அவ்வளவு வீறாப்பாகச் சொன்ன பதிலும் தப்பாகிப்போனது.

சுவர் பக்கம் திரும்பி, "யாருங்க அங்கே?" என்றாள்.

மஞ்சள் கோடு அப்படியே படுத்துவிட்டது. அங்கே யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். கணினிக்கு அந்தச் சூதெல்லாம் தெரியாது. 'அறையில் ஒருவர் இருக்கிறார். இணைப்பு மீண்டது' என்று பச்சையாகக் காட்டியது. சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் ஒருவரால் இல்லாதவராக இருக்க முடியும்? கோடு திடீரென்று எழுந்தது. எழுந்த கோடு பழைய கோடு இல்லை. உடைந்து உடைந்து, குதித்து, நின்று, மறுபடி குதித்தது. இயந்திரத்துக்கு அது வெறும் மூச்சு. சுகந்திக்கு அது விம்மல் என்று தெரியும். போலீஸ் யோசனையை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தாள்.

இரண்டு வீட்டுக்கும் துணி காயப்போடும் பால்கனி பக்கத்தில் பக்கத்தில் இருந்தது. நடுவில் கை எட்டும் இடைவெளி, இரண்டு பக்கமும் கம்பி. சுகந்தி கம்பியோரம் நின்று, இலக்கியா, நான் பக்கத்து வீட்டு அக்கா, தனியாகத்தான் நிற்கிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பிறகு அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது.

நைட்டியில் வந்து நின்ற பெண்ணை முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றியிருந்தது. வயிறு இல்லை. முழங்கைவரை அடுக்கியிருந்த கண்ணாடி வளையலில் ஒன்றுகூடக் கையில் இல்லை. சுகந்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனபிறகு, அவள் பூட்டைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"அவர் பூட்டி வெக்கலீங்க்கா. நாந்தான் பூட்டிட்டுப் போகச் சொன்னேன். எங்கிட்டயும் சாவி இருக்குது, கம்பிக்குள்ள கைய வுட்டுத் தொறந்துக்கலாம். பூட்டைப் பாத்தா ஆரும் தட்ட மாட்டாங்கல்ல?"

மீதியை அவள் விட்டு விட்டுச் சொன்னாள். தாராபுரம் போன மூன்றாவது வாரம் வயிற்றில் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை. அம்மா வீட்டில் துக்கம் கேட்க வந்தவர்கள் ஒரு பக்கம். விஷயம் தெரியாமல் குழந்தைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தவர்கள் ஒரு பக்கம். தாங்க முடியாமல் விடிவதற்குள் விஷ்ணுவோடு இங்கே வந்துவிட்டாள். வந்தபிறகுதான், இந்தக் குடியிருப்பு முழுக்க அந்தப் பந்தலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் என்பது நினைவுக்கு வந்தது.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் மொதல்லருந்து சொல்லோணுமேக்கா. ஒவ்வொருவாட்டி சொல்லும்போதும் அது மறுபடி நடக்குது. அவரு பாவம், பொய் சொல்லிச் சொல்லி இப்பல்லாம் லிஃப்டுலயே வர்றதில்லை."

சுகந்தியின் குரல் சுவருக்கு அப்பால் கேட்டதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தாளாம். முதலில் யாரோ கதை படிக்கிறார்கள் என்று நினைத்தாளாம். ஒரு மனுஷக் குரல் வேண்டியிருந்தது, ஆனால் தன்னைப் பற்றிப் பேசாத குரலாக வேண்டியிருந்தது என்று சொன்னாள். அதன்பிறகு காலையில் விஷ்ணு போனதும் அந்தச் சுவரடியில் போய் உட்கார்ந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. அதனால் அக்காவுக்கு ஏதாவது தொந்தரவா என்று கேட்டாள்.

சுகந்தி நோட்டீஸைப் பற்றிச் சொன்னாள். மறைக்க மனம் வரவில்லை. இலக்கியா, நானே அந்த நிறுவனத்துக்குப் பேசி, நான்தான் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். அப்படிச் சொன்னால் சங்கத்துச் செயலாளரோடு நாலு பேர் வந்து உன் வீட்டுக் கூடத்தில் நிற்பார்கள் என்று சுகந்தி சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நீ ஒன்றும் செய்யாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்த சுகந்திக்கு, என்ன பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

மாலையில் நஸ்ரினைக் கூப்பிட்டாள். பீரோவைப் பழைய இடத்துக்கே நகர்த்திவிடுவதாகச் சொன்னாள். அப்படியென்றால் முடிக்கும் முன் அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேட்டாக வேண்டும் என்றாள் நஸ்ரின். உங்கள் அறையில் படிக்கப்பட்டது வேறு யார் காதிலாவது விழுந்ததா?

காலையில் அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வந்தது! காதில் கேட்டதைக் கேட்டபடியே எழுதுவதுதான் அவள் இத்தனை வருஷம் செய்த வேலையே.

"இல்லை," என்றாள்.

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டப்படும் சத்தம் உடனே வரவில்லை. நஸ்ரினும் காலையிலிருந்து அந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள் என்று சுகந்திக்குத் தோன்றியது. "சரிக்கா," என்று சொல்லி அவள் புகாரை மூடினாள். அதுவரைக்கும் அவள் கூப்பிட்டது மேடம் என்றுதான்.

பீரோவை நகர்த்தச் சொன்னதும் சென்னியப்பன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். குபேரனுக்கும் வைஃபைக்கும் அப்படி என்ன ஜென்மப் பகை என்று புலம்பியபடியே தோள் கொடுத்துத் தள்ளினான். அவள் காரணம் எதையும் அவனிடம் சொல்லவில்லை. அது சொல்வதற்கு அவளுடைய சங்கதி இல்லை.

மறுநாள் கணினி பசுமாடு மாதிரி இருந்தது. 'அறையில் ஒருவர் இருக்கிறார்' என்று காட்டிவிட்டு ஒரு முனகல் இல்லாமல் வேலை செய்தது. அதே வழக்கின் கடைசிப் பகுதி, நீதிபதி தீர்ப்பைச் சொல்லும் இடம், அவளுக்கு வந்திருந்தது. பீரோ அலையை மறிக்கும், குரலை மறிக்காது. இப்போது சத்தமாகப் படித்தால் கணினிக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியுமே. நேற்றுவரை தெரியாமல் நடந்தது வேறு. அந்த அம்மா நீதிமன்றத்தை நம்பித்தான் அத்தனையும் சொன்னாள். சுகந்தி உதட்டைக்கூட அசைக்காமல் முழுக்கக் கண்ணாலேயே படித்துத் திருத்தி முடித்தாள். இரண்டு இடத்தில் தப்பு விட்டு, திரும்பப் போய்ச் சரிசெய்தாள். அவ்வளவு நீளமான ஒரு பகலை அவள் அந்த அறையில் பார்த்ததில்லை.

நாலு மணிக்குக் கணினியை அணைத்துவிட்டு, துணி எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போனாள். இலக்கியா ஏற்கனவே அங்கே நின்றிருந்தாள். எப்போதிலிருந்து நிற்கிறாளோ தெரியவில்லை.

"இன்னைக்கு நீங்க படிக்கவே இல்லீங்களேக்கா."

"படிக்கக் கூடாது கண்ணு."

தெரியும் என்பதுபோல் அவள் தலையாட்டினாள். சுகந்தி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். எடுக்க இனித் துணி இல்லை என்று ஆனபோது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தம்மாளுக்குப் பையன் கெடச்சுட்டானாங்க்கா?"

நேற்று நிறுவனம் அவள்மேல் சுமத்திய குற்றத்தை அவள் அறிந்து செய்ததில்லை. இனி வாயைத் திறந்தால், அதை முழுசாக அறிந்தே செய்ததாகிவிடும். தெரியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடலாம். கிடைத்துவிட்டான் என்று ஒரு நல்ல பொய்யையாவது சொல்லலாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற முகத்தைப் பார்த்தபோது இரண்டுமே அவளுக்குக் கேவலமாகப் பட்டது. லிஃப்டிலும் வாசலிலும் அந்த முகத்துக்காக ஏற்கனவே நிறையப் பொய் சொல்லப்பட்டிருந்தது.

"இல்ல கண்ணு. அப்பங்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லிப்போட்டாங்க. சனிக்கெழமை சனிக்கெழமை மட்டும் அம்மா கூட்டிட்டுப் போயி வெச்சுக்கலாமாம்."

சொல்லிவிட்டு, அந்தப் பெண் அழுவாள் என்று காத்திருந்தாள். இலக்கியா அழவில்லை. கீழே பந்தல் போட்டிருந்த இடத்தில் இப்போது கார்கள் நின்றிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றாள்.

"சனிக்கெழமையாச்சும் இருக்குதுங்களேக்கா," என்றாள்.

சுகந்தி, தோளில் இருந்த துணிகள் கீழே விழ, கம்பி வழியாகக் கையை எட்டுமட்டும் நீட்டினாள்.